பள்ளிக் கருவியில் விழுந்த எரிமலைக் கோடுகள்: ஒரு தோட்டப் பட்டணத்து நிகழ்வு ஆய்வு

பின்னணி

பேராக் மாநிலத்தின் தெற்கே, மத்திய மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ள தோட்டப் பட்டணம் இது. முன்பு பால்மரம் நின்ற நிலமெல்லாம் இப்போது செம்பனை. பட்டணத்து நடுவில் தமிழ்ப்பள்ளி. அங்கிருந்து நேர்க்கோட்டில் 700 மீட்டர் மேற்கே செம்பனை எண்ணெய் ஆலை. இரண்டுக்கும் இடையில், ஆலையிலிருந்து 250 மீட்டரில், மாரியம்மன் கோயில். கிழக்கே 4 கிலோமீட்டர் தள்ளி மலையடியில் ஒரு வெந்நீர் ஊற்று. வார இறுதியில் வெளியூர்க்காரர்கள் வந்து கால் நனைத்து, கூடையில் முட்டை அவித்துச் சாப்பிட்டுப் போகிற இடம். இந்தத் தூரங்களை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் முடிவைத் தீர்மானித்தவை இவைதான்.

2025 ஆகஸ்ட் 24ஆம் நாள் ஜொகூர் சிகாமட் அருகே 4.1 அளவில் நிலம் அதிர்ந்த பிறகு, இந்தப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் அறிவியல் அறைக்கு ஒரு சிறு நிலநடுக்கப் பதிவுக் கருவி வாங்கிக் கொடுத்தது. உள்ளே இருப்பது செங்குத்து அசைவை மட்டும் உணரும் 4.5 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 4.5 அதிர்வு) ஜியோபோன் என்ற உணரி. நொடிக்கு 100 முறை அளவெடுக்கும். அதனால் 50 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வுகளைத்தான் அது காட்ட முடியும். நேரத்தை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். அடுத்து வந்த பள்ளி விடுமுறையின் முதல் நாளில், மாணவர் நடமாட்டம் இல்லாத வேளை பார்த்து, தரைத்தள அறையின் மூலையில் சிமெண்டுத் தரைமேல் அதை வைத்தார்கள்.

முதலில் தெரிந்தது

பொறுப்பில் இருந்த அறிவியல் ஆசிரியை மூன்றாம் நாள் பதிவை அதிர்வெண் படமாக மாற்றிப் பார்த்தார். படுக்கைக் கோட்டில் நேரம், நிமிர்ந்த கோட்டில் அதிர்வெண், வலுவான இடம் வெளிச்சமாகத் தெரியும். அமைதியான நேரத்தைப் பார்க்க வேண்டும் என்று 00:00 முதல் 06:00 வரையிலான பகுதியை எடுத்துக்கொண்டார்.

ஒரு மின்மோட்டார் அருகில் ஓடினால் என்ன தெரியும் என்பது அவருக்குத் தெரியும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் சாதாரண நான்கு துருவ மோட்டார் நிமிடத்துக்கு 1,450 முதல் 1,480 சுற்று போகும். படத்தில் 24, 25 ஹெர்ட்ஸ் அருகே நேரான மெல்லிய கோடாக நிற்கும். அன்று தெரிந்தது அப்படி இல்லை. 2.1, 4.2, 6.3, 8.4 என்று சம இடைவெளியில் ஏணிப்படி போல எட்டுக் கோடுகள். நான்கைந்து நிமிடம் நீடித்தன. அதற்குள் எல்லாப் படிகளும் ஒன்றாகக் கீழே சரிந்தன. அடிப்படிக் கோடு 1.4 ஹெர்ட்ஸ் வரை இறங்கி மங்கி மறைந்தது. சற்று நேரம் கழித்து மறுபடி வந்தது.

எரிமலை நடுக்கத்துக்குப் பாடநூல்களில் போடும் படம் ஏறக்குறைய இதுவேதான். ஆசிரியை அதைப் படமெடுத்து, "எரிமலை நடுக்கம் போலவே இருக்கிறதே, யாருக்காவது விளங்குகிறதா?" என்று ஆசிரியர்களின் புலன (வாட்ஸ்அப்) குழுவில் போட்டார். கேள்வி வழியிலேயே உதிர்ந்துவிட்டது. இரண்டு நாளில் அது பட்டணம் முழுக்க "ஊற்றுக்கு அடியில் எரிமலை விழிக்கிறது" என்று சுற்றியது. மலையடி வரிசை வீட்டுக்காரர்களில் இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை ஈப்போவில் உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊற்றருகே நாசி லெமாக் கடை போடும் அம்மாவுக்கு அந்த வார இறுதி வியாபாரமே இல்லை.

அந்த ஐயம் ஏன் அலட்சியப்படுத்தக் கூடியதல்ல

ஆசிரியை தப்பாகப் பார்க்கவில்லை என்பதைப் புரிந்துகொள்ள, எரிமலைக்குள் நடுக்கம் எப்படிப் பிறக்கிறது என்று கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

மாக்மா என்ற உருகிய பாறைக் குழம்பு மேலே வரும்போது பாறையைப் பிளக்கும். பாறை உடையும் அதிர்வு சாதாரண நிலநடுக்கம் போலவே திடீரென்று தொடங்கும். முதல் அலை, இரண்டாம் அலை என்று பிரித்துச் சொல்ல முடியும். 5 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் ஆற்றல் இருக்கும். பிளந்த வழியில் மாக்மாவோ, வெந்நீரோ, வாயுவோ ஓடத் தொடங்கியபின் வருவது வேறு வகை. அது 0.5 முதல் 5 ஹெர்ட்ஸுக்குள் தாழ்ந்த குரலில் இருக்கும். ஒரே ஒரு முறை அழுத்தம் மாறினால் மணி அடித்தது போல ஒலித்து அடங்கும். இது நீள்கால அதிர்வு. அழுத்தம் விடாமல் மாறிக்கொண்டே இருந்தால் நிமிடக் கணக்கில், சில சமயம் நாள் கணக்கில் தொடரும். அதுதான் நடுக்கம். அதற்குத் தெளிவான தொடக்கம் இல்லாததால், சாதாரண நிலநடுக்கத்தை இடம் குறிப்பது போல இதை இடம் குறிக்க முடியாது.

சிறிய இடம் எப்படி இத்தனை தாழ்ந்த குரலில் ஒலிக்கிறது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் பெர்னார்ட் சூவே 1980களில் வலுவான விளக்கம் ஒன்றைத் தந்தார். திரவம் நிறைந்த தட்டையான பிளவில் ஓடும் அலை, அந்தத் திரவத்தில் ஒலி போகும் வேகத்தைவிட மெதுவாகப் போகும். பிளவின் சுவர்கள் நெகிழ்ந்துகொடுப்பதே காரணம். வாயுக் குமிழ் சேர்ந்தால் வேகம் இன்னும் விழும். தூய தண்ணீரில் ஒலி நொடிக்கு சுமார் 1,480 மீட்டர் போகும். காற்றில் சுமார் 340. ஆனால் சாதாரணக் காற்றழுத்தத்தில், கொள்ளளவில் நூற்றில் ஒரு பங்கு குமிழ் கலந்த தண்ணீரில் அது நூறு மீட்டர் அளவுக்கு வந்துவிடும். அதாவது பிளவின் நீளம் மாறாமலே, குமிழ் கூடினால் குரல் தாழும், குமிழ் கரைந்தால் உயரும். ஏணிப்படிகள் ஒன்றாகச் சரிவதற்கும் ஏறுவதற்கும் இது ஒரு காரணம்.

ஒலியைத் தூண்டுவது எது என்பதற்கும் ஒரே விடை இல்லை. நாதஸ்வரத்தின் சீவாளியை நினைத்துக்கொள்ளுங்கள்: காற்று வேகமாகப் போகும்போது இதழ்களுக்கு நடுவே அழுத்தம் குறைந்து அவை மூடுகின்றன, மூடியதும் பின்னால் அழுத்தம் ஏறித் திறக்கின்றன. ஒடுங்கிய பிளவில் மாக்மா ஓடும்போது இதுவே நடக்கலாம். இன்னொரு வகை பிரஷர் குக்கர் போன்றது: குழாயின் வாயை இறுகிய பாறை அடைக்க, அடியில் வாயு சேர்ந்து அதைத் தூக்கிப் பீறிட்டு, மறுபடி அடைபடும். மூன்றாவது வகைக்கு உறுமியைச் சொல்லலாம். தோலில் வளைகுச்சி ஒட்டி, நழுவி, ஒட்டி, நழுவித்தான் உறுமல் வருகிறது. அலாஸ்காவின் ரிடௌட் எரிமலையில் 2009 மார்ச் வெடிப்புகளுக்கு முன் சிறு நழுவல்கள் இப்படித் தொடர்ந்து, நொடிக்கு முப்பது என்ற அளவுக்கு நெருங்கி, ஒரே நடுக்கமாகக் கலந்தன; வெடிக்கும் முன் சற்று நேரம் அடியோடு அடங்கின.

ஏணிப்படிக் கோடுகளுக்கு இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. எந்தத் துடிப்பும் ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் படத்தில் ஏணி விழும். அரை நொடிக்கு ஒரு தட்டு என்றால் 2, 4, 6, 8 ஹெர்ட்ஸ். தட்டுகிறவர் மாக்மாவா, நீராவியா, தையல் இயந்திரமா என்பதை ஏணி சொல்லாது.

இந்த அதிர்வுகளை மதிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் பதிவுகள் உண்டு. கொலம்பியாவின் கலேராஸ் எரிமலையில் திருகாணி போல மெல்ல மெல்லக் குறுகும் நீள்கால அதிர்வுகள் வந்துகொண்டிருந்தபோது, 1993 ஜனவரி 14 அன்று வாய்க்குள் இறங்கிய குழு வெடிப்பில் சிக்கியது. ஆய்வாளர் அறுவரும் சுற்றுலா வந்தவர் மூவரும் இறந்தனர். ஜப்பானின் ஒந்தாகே மலையில் 2014 செப்டம்பர் 27 அன்று மேலே வந்தது மாக்மா அல்ல, நீராவிதான். நடுக்கம் தொடங்கிப் பதினோரு நிமிடத்தில் வெடித்தது. 58 பேர் இறந்தனர், 5 பேர் கிடைக்கவே இல்லை. வெந்நீர் இருக்கும் இடத்தில் நடுக்கம் தெரிந்தால் கேட்டுப் பார்ப்பதுதான் முறை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஆசிரியை முதலில் சந்தேகப்பட்டது ஆலையைத்தான். அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, "நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை செம்பனைக் குலை வேகவைப்பீர்களா?" என்று கேட்டார். "இல்லை, 12 மணிக்கு நிறுத்திவிடுவோம், காலை 8 மணிக்குத்தான் மறுபடி" என்றார் அலுவலகக் கிராணி (எழுத்தர்). அது உண்மை. அந்த உண்மையான பதில்தான் ஆலையைப் பட்டியலிலிருந்து தவறாக நீக்கியது.

மலேசிய வானிலை ஆய்வுத் துறை வெளியிடும் நிலநடுக்கப் பட்டியலில் அருகில் எதுவும் இல்லை. நடுக்கம் அப்படிப்பட்ட பட்டியலில் ஏறாது என்பதால், அதை மட்டும் வைத்துத் தைரியம் சொல்ல ஆசிரியை தயங்கினார். சரியான தயக்கம்.

தலைமையாசிரியர் இரண்டு முடிவு எடுத்தார். படத்தை அழிக்கச் சொல்லவில்லை. அழித்தால் மறைக்கிறார்கள் என்ற பேச்சு கிளம்பும் என்பது அவர் கணிப்பு. மாறாக, "கருவி ஏதோ அதிர்வைக் காட்டுகிறது, எங்கிருந்து என்று தெரியவில்லை, ஒரு வாரத்தில் சொல்கிறோம்" என்று நான்கு வரி அறிவிப்பை அதே புலனக் குழுக்களில் விட்டார். பிறகு ஒரு பல்கலைக்கழகத்தின் நிலவியல் விரிவுரையாளரை உதவிக்குக் கேட்டார்.

விரிவுரையாளர் நிலவியலிலிருந்து தொடங்கினார். சுமத்ராவின் எரிமலைகள், அதன் மேற்குக் கடலுக்கு அடியில் ஒரு கண்டத்தட்டு இன்னொன்றின் கீழே அமிழ்வதால் பிறப்பவை. தீபகற்பம் அந்த வரிசைக்கு வெகு பின்னால் இருக்கிறது. 2010 ஆகஸ்டில் விழித்த சினாபோங் எரிமலையே இந்தப் பட்டணத்திலிருந்து 330 கிலோமீட்டர் தள்ளித்தான். இங்குள்ள ஊற்றுச் சூடு எரிமலைச் சூடு அல்ல. மழைநீர் கருங்கல் பிளவுகள் வழியே வெகு ஆழம் இறங்கி, சூடாகி, வேறொரு பிளவு வழியே விரைந்து ஏறுகிறது. ஆகவே மாக்மா என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் ஆழ்வெந்நீரின் அசைவு என்பதை அளந்து பார்க்காமல் தள்ளக் கூடாது என்று சொன்னார்.

பதிவை மறுபடி படித்தது

அவர் கேட்டது ஆறு மணி நேரப் படத்தை அல்ல, கருவி வைத்த நாள் முதல் உள்ள முழுப் பதிவை. ஒரு வரிக்கு ஒரு மணி நேரம் என்று அடுக்கியதும் ஒழுங்கு தெரிந்தது. நடுக்கம் மும்மூன்றாக வந்தது. முதலாவது சிறியது, 14 நிமிடம் கழித்து இரண்டாவது சற்றுப் பெரியது, 54 நிமிடம் கழித்து மூன்றாவது மிகப் பெரியது. இருபது நிமிடம் ஓய்வு. மறுபடி முதலாவது. முழுச் சுற்று 88 நிமிடம்.

ஒழுங்கு இருக்கிறது என்பதாலேயே இயந்திரம் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவில் உள்ள ஓல்ட் பெய்த்புல் வெந்நீர்ப் பீச்சும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறைதான் எழும்புகிறது.

ஞாயிற்றுக்கிழமை பதிவு விடை சொல்லியிருக்கும்; ஆலைக்கு அன்று விடுமுறை. ஆனால் காவலாளி வழக்கம்போல வெள்ளி மாலை அந்தக் கட்டடத்தின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத் திங்கள் காலைதான் போட்டார். தேவையான அந்த ஞாயிற்றுப் பதிவு வெற்று.

அடுத்துக் கண்ணில் பட்டது நேரம். நடுக்கம் 00:00 முதல் 16:00 வரை; அதன்பின் எட்டு மணி நேரம் அமைதி. "இது எந்த ஊர் நேரம்?" என்று விரிவுரையாளர் கேட்டார். கருவி, பெரும்பாலான நிலநடுக்கக் கருவிகளைப் போல, உலகப் பொது நேரத்தில் எழுதுகிறது. மலேசிய நேரம் அதற்கு எட்டு மணி முன்னால். நள்ளிரவு என்று நினைத்தது காலை 8 மணி. விடுமுறை என்பதால் பள்ளியில் காலடிச் சத்தம்கூட இல்லை. பகல் இரவு போலவே அமைதியாகத் தெரிந்ததால் யாருக்கும் ஐயம் வரவில்லை.

மூன்று இடங்களில் அளந்தது

நேரம் பொருந்துகிறது என்பதே ஆதாரம் ஆகிவிடாது. அதே மாதிரிக் கருவிகள் இரண்டு இரவல் வாங்கி, ஒன்றைக் கோயில் மண்டபத் தரையிலும் மற்றதை ஊற்றருகே பாறையிலும் வைத்தார்கள். பாறையில் வைத்ததற்கு மேல் ஒரு வாளியைக் கவிழ்த்து, மேலே கல் வைத்தார்கள். காற்றும் மழைத்துளியும் பட்டால் பதிவு கெட்டுவிடும். மூன்று கருவிகளையும் முதலில் ஒரே தரையில் அரை மணி நேரம் பக்கத்தில் வைத்து, ஒரே அளவு காட்டுகின்றனவா என்று பார்த்த பிறகே பிரித்தார்கள். இதைச் செய்யாமல் பின்னால் வலிமையை ஒப்பிடுவதில் பொருளில்லை.

இரண்டு வேலை நாள் பதிவில் கோயிலில் நடுக்கம் பள்ளியில் இருந்ததைவிட மூன்று மடங்குக்கும் மேல் வலுவாக இருந்தது. ஊற்றருகே அந்த நேரங்களில் ஒன்றுமே இல்லை. நிலத்தின் மேற்பரப்பில் ஓடும் அலை தூரத்தின் வர்க்கமூலப்படி குறையும். மென்மண் அதற்கு மேலும் தின்னும். 250 மீட்டர், 700 மீட்டர் என்ற தூரங்களுக்கு இந்த விகிதம் பொருந்தியது. மூலம் மேற்கே, ஆலைப் பக்கம்.

ஆலையில்

இந்த முறை அலுவலகத்தில் கேட்காமல், நீராவிக் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும், பல ஆண்டு அனுபவமுள்ள ஸ்டீம் பிட்டர் ஒருவரிடம் ஆசிரியை படத்தைக் காட்டினார். மூன்று மூன்றாக வருவதைப் பார்த்ததும் அவர் கேட்டார்: "டீச்சர், இது சின்னது, நடுத்தரம், பெருசுன்னு வருதா? இது எங்க ஸ்டெரிலைசர் மூணு உச்சம். ரெண்டாம் நம்பர் பாத்திரமா இருக்கும்." "எப்படிச் சொல்றீங்க அண்ணே?" "அது ஆவி விடுறப்போ காலு அதிருமே."

குலைகளை வேகவைக்கும் ஸ்டெரிலைசர் படுக்கை உருளை. கூண்டுகளில் குலை ஏற்றி, கதவை மூடி, நீராவி விடுவார்கள். அழுத்தம் வெளிக்காற்றைவிட 1.5 பார் (ஒரு பார் ஏறக்குறைய ஒரு காற்றழுத்தம்) ஏறியதும் வெளியே விட்டு உள்ளிருக்கும் காற்றைத் துரத்துவார்கள். பிறகு 2 பார் ஏற்றி மறுபடி விடுவார்கள். மூன்றாவதாக 3 பாரில் முக்கால் மணி நேரம் வைத்து, கடைசியாக முழுதும் வெளியேற்றுவார்கள். வேகும்போது அடியில் சூடான தண்ணீர் தேங்கும். அதை அவ்வப்போது வடிக்க வேண்டும். வடிகால் வால்வைத் தாமதமாகத் திறந்தால், ஆவி வெளியேறும் குழாயில் தண்ணீரும் கலந்துவிடும்.

3 பார் அழுத்தத்தில் அந்தத் தண்ணீரின் வெப்பம் சுமார் 144 பாகை. வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு வந்த கணம் அதில் ஏறக்குறைய நூற்றில் எட்டுப் பங்கு ஆவியாகிவிடும். ஆவியான பங்கு 1,600 மடங்கு இடம் கேட்கும். குழாயில் ஒரு கட்டி தண்ணீர், ஒரு கட்டி ஆவி என்று மாறி மாறி ஓடும். தண்ணீர்க் கட்டி ஒவ்வொன்றும் வளைவில் போய் இடிக்கும். இட்லிப் பானை அடியில் போட்ட காசு தாளத்தோடு கடகடப்பது போலத்தான்; இங்கே அந்தக் காசு ஒரு இரும்புக் குழாய். இரண்டாம் பாத்திரத்தில் குழாயைத் தாங்கும் பிடியின் போல்ட்டுகள் அறுந்திருந்தன. ஒவ்வோர் இடியிலும் குழாய் கழிவுக் குழியின் சிமெண்டு விளிம்பை அறைந்தது. நொடிக்கு இரண்டு அறை. அழுத்தம் விழ விழ வேகம் குறைந்து, கோடுகள் சரிந்தன.

பெயரளவில் இது இயந்திரச் சத்தம். ஆனால் நடந்தது வெந்நீரும் ஆவியும் ஒடுங்கிய வழியில் போராடியதுதான். எரிமலை நடுக்கத்தோடு அது ஒத்துப்போனது தற்செயல் அல்ல.

உறுதிப்படுத்த ஒரு சோதனை வைத்தார்கள். வெளியேற்ற வால்வைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஆபரேட்டர் தன் கைக்கடிகார நேரத்தைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். விரிவுரையாளர் அதைப் பார்க்காமல் பதிவிலிருந்து நேரங்களை எடுக்க வேண்டும். ஒன்பது முறை திறந்தார். ஒன்பதும் நொடிக் கணக்கில் பொருந்தின. எல்லாவற்றிலும் ஒரே 4 நொடி வித்தியாசம், கடிகாரத்துடையது.

பிறகு நடந்தது

ஆலை நிர்வாகம் அன்றே அந்தப் பாத்திரத்தை நிறுத்தியது. பட்டணத்துக்கு ஆபத்து இல்லாவிட்டாலும் ஆலைக்குள் இருந்தது. அப்படி அறைபடும் குழாய் பற்றவைப்பில் பிளந்தால் பக்கத்தில் நிற்பவர்மேல் கொதிநீர் பாயும். பிடிகளை மாற்றி, வடிகால் வால்வை ஒவ்வோர் உச்சத்துக்கும் முன்பாகத் திறக்கும்படி வேலை வரிசையைத் திருத்தினார்கள். மறுநாள் பள்ளிப் பதிவில் ஏணி இல்லை. ஆவி போகும் நேரங்களில் 10 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒரு மங்கலான தூசி மட்டும்.

தலைமையாசிரியர் மூன்று இடங்களின் பதிவையும் ஒரே தாளில் அச்சிட்டுக் கோயில் மண்டபத்தில் ஒட்டினார். பிட்டர் அண்ணனே வெள்ளிக்கிழமை பூசைக்கு வந்தவர்களுக்கு அதைக் காட்டி விளக்கினார். பிள்ளைகள் ஈப்போவிலிருந்து திரும்பினார்கள். நாசி லெமாக் கடைக்குக் கூட்டம் திரும்ப மூன்று வாரம் ஆனது. புலனத்தில் வதந்தி போன வேகத்தில் திருத்தம் போகவில்லை. அந்த அம்மாவின் இழப்பை யாரும் ஈடுசெய்யவில்லை என்பது இந்த நிகழ்வில் தீராமல் நிற்கும் குறை.

இனி மாறுபவை

படங்களில் நேரம் மலேசிய நேரமாக அச்சாகும். ஓரத்தில் பொது நேரமும் இருக்கும். கருவிக்குத் தனி மின்சாரப் புள்ளி இழுத்து, சுவிட்சின்மேல் "அணைக்கக் கூடாது" என்று தமிழிலும் மலாயிலும் ஒட்டியாயிற்று. புதிதாக எது தெரிந்தாலும் குறைந்தது ஏழு நாள் தொடர்ந்த பதிவு, அதில் ஒரு ஞாயிறு, இரண்டாம் இடத்தில் ஓர் அளவு ஆகியவை கைக்கு வரும்வரை படம் அறிவியல் அறையை விட்டு வெளியே போகாது. ஆனால் ஊற்று நீர் திடீரென்று கலங்கினாலோ, சூடு மாறினாலோ, நிலம் அசைவதை மக்களே உணர்ந்தாலோ இந்தக் காத்திருப்பு பொருந்தாது. உடனே வானிலை ஆய்வுத் துறைக்கும் மாவட்ட அலுவலகத்துக்கும் சொல்ல வேண்டும்.

கருவி இப்போது அறை மூலையிலிருந்து கொடிக்கம்பத்துக்குப் பின்னால் மண்ணில் பதித்த சிமெண்டுக் கட்டைமேல் இருக்கிறது. ஆறாம் ஆண்டு மாணவர்கள் சனிக்கிழமைதோறும் ஊற்றுக்குப் போய், கடைக்கார அம்மா பொறுப்பில் இருக்கும் வெப்பமானியை அதே பாறை இடுக்கில் ஐந்து நிமிடம் வைத்து, அளவைக் குறிப்பேட்டில் எழுதி வருகிறார்கள்.